பத்மு தீவில் சுரங்கம் இருந்ததா? – வாசகர் கேள்வி பதில்

தீவுகளும் தொடக்ககாலக் கிறிஸ்தவமும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டை இங்கே எடுத்துக்கொண்டோம். ஊர்ப்பெயர்களில் தமிழ் வேதாகமத்தின் வடிவம் பழகியதாக இருந்தால் அதை வைத்திருக்கிறோம். மற்றவை இன்றைய வழக்கு.

கேள்வி: பவுலும் பர்னபாவும் ஆசியா மைனர் பக்கம் போகாமல் முதலில் சைப்பிரஸ் தீவுக்கு ஏன் கப்பல் ஏறினார்கள்? தீவு என்றால் ஒதுக்குப்புறம் அல்லவா?

பதில்: அந்தக் காலக் கணக்கில் தீவு ஒதுக்குப்புறம் அல்ல, சந்திப்பு. ஒதுக்குப்புறம் என்றால் மலைக்கு உள்ளே இருக்கும் ஊர்தான். மூட்டை முடிச்சோடு மலைப்பாதையில் பல நாள் நடக்க வேண்டிய தூரத்தைக் கப்பல் ஓரிரு நாளில் கடந்துவிடும். சிரியாவின் செலூக்கியா துறைமுகத்திலிருந்து சைப்பிரஸின் கிழக்குக் கரையிலிருந்த சாலமி அப்படிப்பட்ட தூரம்தான்.

பர்னபா அந்தத் தீவைச் சேர்ந்த லேவியர் (அப்போஸ்தலர் 4:36), ஆகவே ஆள்பழக்கம் இருந்தது. அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவர்களிலும் சைப்பிரஸ்காரர்கள் உண்டு (11:20). சாலமியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜெப ஆலயங்கள் இருந்ததாக 13:5 சொல்கிறது. தீவின் செப்புச் சுரங்க வருமானத்தில் பாதியை அகுஸ்து பேரரசர் ஏரோதுக்குக் கொடுத்ததை யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். யூதேயாவுக்கும் இந்தத் தீவுக்கும் பணப்போக்குவரத்தே இருந்தது என்பது அதிலிருந்து தெரியும்.

சைப்பிரஸின் பாப்போ நகரில் இருந்த செர்கியுபவுலை நம் வேதாகமம் ‘அதிபதி’ என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் புரோகான்சல் என்ற ரோமப் பதவியைக் குறிக்கும். கி.மு. 22இல் சைப்பிரஸ் பேரரசரின் நேர் ஆட்சியிலிருந்து செனட்டின் கைக்கு மாறியது. செனட் மாகாணத்தை ஆள்பவருக்குத்தான் புரோகான்சல் என்று பெயர். எழுதியவர் அந்தப் பட்டத்தைச் சரியாகப் போட்டிருக்கிறார். இப்படிச் சின்ன விஷயங்களில்தான் ஒரு பழைய நூலின் தரத்தை உரசிப் பார்க்க முடியும்.

கி.பி. 115–117 யூதக் கலகத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. யூதர் எவரும் தீவில் கால்வைக்கக் கூடாது, புயலில் கரையொதுங்கினாலும் மரணம் என்று சட்டம் வந்ததாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதுகிறார். ஜெப ஆலயத்தை ஒட்டி வளர்ந்த சபை அதன்பின் கிரேக்கச் சபையாகவே நின்றது.

கேள்வி: பவுல் சென்ற கப்பல் உடைந்தது மால்டாவிலா, ஏட்ரியாட்டிக் கடலிலுள்ள மிலியெட் தீவிலா? இரண்டு தீவாரும் உரிமை கொண்டாடுகிறார்களே!

பதில்: மால்டாதான். பக்திக் காரணத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் பருவம். வெகேடியஸ் என்ற ரோம எழுத்தாளர் தரும் அட்டவணைப்படி மே 27 முதல் செப்டம்பர் 14 வரை கடல் பத்திரம்; நவம்பர் 11 வரை சந்தேகம்; அதன்பின் மார்ச் 10 வரை கடல் ‘மூடப்பட்டது’. ‘உபவாச நாளும் கழிந்துபோனபடியினால்’ என்று அப்போஸ்தலர் 27:9இல் வருவது யூதரின் பாவநிவாரண நாள். 59ஆம் ஆண்டு என்று வைத்துக்கொண்டால் அது அக்டோபர் 5 வாக்கில் விழும். அப்படியானால் கப்பல் ஏற்கெனவே சந்தேகக் காலத்துக்குள் நுழைந்துவிட்டது. அது எகிப்துத் தானியக் கப்பல். குளிர்காலத்தில் தானியம் ஏற்றி வந்து கப்பலை இழந்தால் நட்டத்தை நானே ஏற்கிறேன் என்று கிளவுதியு பேரரசர் வணிகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அத்தகைய சலுகை உள்ள தொழிலில் ‘இன்னும் ஒரு துறைமுகம் தள்ளிப் போய்விடலாம்’ என்ற நப்பாசை வருவது இயல்பு.

அடுத்தது காற்று. யூரோக்கிலிதோன் என்று நாம் படிக்கும் பெயர் பழைய கைப்பிரதிகளில் ‘யூரகுய்லோ’. கிழக்குக் காற்றுக்கான கிரேக்கச் சொல்லும் வடகாற்றுக்கான லத்தீன் சொல்லும் ஒட்டிய மாலுமிப் பேச்சு அது. கொண்டலும் வாடையும் கலந்த வடகிழக்குக் காற்று என்று கொள்ளலாம். கிரேத்தா (கிரீட்) தீவின் மலைகளிலிருந்து இறங்கிய அந்தக் காற்று கப்பலைத் தென்மேற்கே, ஆப்பிரிக்கக் கரையின் சொரிமணலை நோக்கித் தள்ளியது. அதனால்தான் கிரேத்தாவுக்குத் தெற்கேயுள்ள கிலவுதா என்ற சிறு தீவின் மறைவில் படகைத் தூக்கிக் கட்டி, கப்பலைச் சுற்றி வடம் இறுக்கி, பாயை இறக்கினார்கள். பெரிய பாயின் இழுவையிலும் அலையின் உலுக்கலிலும் பலகை மூட்டுகள் விரிந்து தண்ணீர் உள்ளே வரும். வடம் கட்டுவது அதற்காக.

இப்போது தூரம். கிலவுதாவிலிருந்து மால்டா ஏறத்தாழ 476 கடல் மைல். புயல்பாயோடு காற்றுக்குப் பக்கம் காட்டி மிதக்கும் அத்தகைய கப்பல் மணிக்கு ஒன்றரைக் கடல் மைல் நகரும், அதாவது நாளொன்றுக்கு 36. வகுத்தால் பதின்மூன்று நாளும் சில மணியும். நூல் சொல்வது ‘பதினாலாம் இராத்திரி’. இந்தக் கணக்கை 1848இல் போட்டுக் காட்டியவர் ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் பாய்க்கப்பல் பிரியர். வேகம் ஓர் ஊகம் என்பதால் இது மட்டுமே தீர்ப்பாகாது. ஆனால் ஆழம் பார்க்கும் விழுதை விட்டுப் பார்த்ததில் 20 பாகம், சற்று நகர்ந்ததும் 15 பாகம் (37 மீட்டர், 28 மீட்டர்) என்ற ஆழம் மால்டாவின் வடகிழக்குக் கரையை அணுகும் வழியோடு பொருந்துகிறது. பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரம் போட்டதும் சரியான வேலை. முன்னணியத்திலிருந்து போட்டிருந்தால் கப்பல் சுழன்று திரும்பி, விடிந்ததும் நேரே கரையேற்ற முடியாமல் போயிருக்கும்.

மிலியெட் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வது ‘ஆதிரியாக் கடல்’ என்ற சொல்லை. அந்த நாளில் அப்பெயர் இன்றைய ஏட்ரியாட்டிக்கோடு நிற்கவில்லை. கிரேத்தாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட கடலையும் குறித்தது. மேலும், மூன்று மாதம் கழித்து அதே தீவில் குளிர்காலம் தங்கியிருந்த அலெக்சாந்திரியாக் கப்பலில் ஏறி சீரகூசா, ரேகியு, புத்தேயோலி என்று வடக்கே போனார்கள். மால்டாவிலிருந்து ரோமுக்கு அதுதான் நேர்வழி. எகிப்துத் தானியக் கப்பலுக்கு மிலியெட்டில் என்ன வேலை?

கப்பலில் 276 பேர் என்பது மிகையும் அல்ல. சில ஆண்டுகள் கழித்து யோசேப்பஸ் ரோமுக்குப் போன கப்பலில் சுமார் 600 பேர். அதுவும் ஆதிரியாவில்தான் மூழ்கியது.

ஒரு கொசுறு: மால்டாவில் பவுலை உபசரித்த புபிலியுவைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘தீவுக்கு முதலாளி’ என்கிறது. மூலச்சொல் ‘முதல்வன்’, மால்டாவில் அதே பட்டம் பொறித்த கிரேக்கக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆகவே தோட்ட முதலாளி என்று எண்ணிவிட வேண்டாம், நிலம் அவருக்கு இருந்தது உண்மையே என்றாலும்.

கேள்வி: யோவான் பத்மு தீவின் சுரங்கத்தில் கல்லுடைத்துக்கொண்டே வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதினார் என்று கேட்டிருக்கிறேன். உண்மையா?

பதில்: சுரங்கக் கதைக்கு மூலம் 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பெத்தாவு நகர ஆயர் விக்டோரினுஸ் எழுதிய விளக்கவுரை. பத்முவில் சுரங்கம் இருந்ததற்குத் தடயம் இல்லை. 34 சதுர கிலோமீட்டர் எரிமலைப் பாறைத் தீவு அது. ஆனால் ஆளில்லாத் தீவு அல்ல. மிலேத்து நகரத்துக்கு உட்பட்டிருந்தது. உடற்பயிற்சிக்கூடமும் ஆர்த்தெமிஸ் வழிபாடும் அங்கே இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விலங்கு பூட்டிய கைதிகளின் தீவாக அதை ஓவியங்களில் வரைவது பிற்காலக் கற்பனை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ரோமச் சட்டத்தின் மூன்று தண்டனைகளை ஒன்றாக்கிவிடுகிறோம். ‘ரெலெகாத்தியோ’ என்பது குறிப்பிட்ட இடத்தில் இரு, வெளியே போகாதே என்ற ஆணை. குடியுரிமையும் பொதுவாகச் சொத்தும் கையில் இருக்கும். மாகாண ஆளுநரே இதை விதிக்கலாம், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட தீவு ஒன்று இருந்தால். ‘தெபோர்த்தாத்தியோ’ இதைவிடக் கடுமை: குடியுரிமையும் சொத்தும் போகும், தீவைக் குறிப்பது பேரரசர். மூன்றாவது, சுரங்கத் தண்டனை. அது எளியவருக்கும் அடிமைகளுக்கும். தீர்ப்பு வந்த கணமே அவன் தண்டனையின் அடிமை.

யோவானைப் பற்றி எழுதும்போது தெர்த்துல்லியன் என்ற பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் முதல் வகைச் சொல்லையே ஆள்கிறார். அவர் சட்டச்சொல் தெரிந்தவர் என்பதால் இதற்கு எடை உண்டு. தொமித்தியான் பேரரசர் இறந்தபின் 96இல் நெர்வா ஆட்சியில் யோவான் எபேசுவுக்குத் திரும்பினார் என்ற மரபும் அந்தத் தண்டனைக்குப் பொருந்தும்.

வெளிப்படுத்தின விசேஷம் கடிதம் எழுதும் ஏழு சபைகளின் வரிசையையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: எபேசு, சிமிர்னா, பெர்கமு, பின் தென்கிழக்கே திரும்பித் தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. பத்முவிலிருந்து படகில் வந்து எபேசுவில் இறங்கும் ஓர் ஆள், வந்த வழியே திரும்பாமல் சாலையோடு சாலையாக ஒரு சுற்று வந்தால் இந்த வரிசையில்தான் ஊர்கள் எதிர்ப்படும். கடிதம் கொண்டுபோகிறவனின் நடைவழி அது. தீவில் இருந்தவருக்குக் கரையோடு தொடர்பு அறுந்திருக்கவில்லை.

இன்று மலைமேல் தெரியும் மடத்துக்கும் இதற்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. 1088இல் அலெக்சியோஸ் கொம்னெனோஸ் பேரரசர் தீவைக் கிறிஸ்தொதூலோஸ் என்ற துறவிக்கு எழுதிக்கொடுத்த பிறகு வந்தது அது.

கேள்வி: அப்படியானால் கிறிஸ்தவர்கள் உண்மையில் சுரங்க வேலைக்குப் போன தீவு எது?

பதில்: சார்தீனியா. இதில் விசித்திரமான ஒரு முடிச்சு இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிஸ்துஸ் என்ற ரோமக் கிறிஸ்தவ அடிமை அந்தச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். கொம்மோதுஸ் பேரரசரின் காதலி மார்சியா கிறிஸ்தவர்கள்மேல் பரிவுள்ளவள். ரோம ஆயர் விக்டரிடம் சார்தீனியாவில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் வாங்கி விடுதலை ஆணை பெற்றாள். பட்டியலில் கலிஸ்துஸ் பெயர் இல்லை. கெஞ்சித்தான் வெளியே வந்தாராம். பின்னாளில் அவரே ரோமின் ஆயரானார். இதை எழுதியவர் அவருடைய பரம எதிரி இப்போலித்துஸ்; பெயர் விட்டுப்போன விவரத்தை அவர் எவ்வளவு ரசித்து எழுதியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

235இல் மக்சிமினுஸ் பேரரசர் ரோம ஆயர் போந்தியானுஸையும் ஒரு குருவையும் அதே சார்தீனியாவுக்கு நாடு கடத்தினார். குருவின் பெயர் இப்போலித்துஸ். அதே ஆள்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. திரும்பி வர முடியாத தண்டனை என்பதால் 235 செப்டம்பர் 28 அன்று போந்தியானுஸ் பதவி விலகினார். ரோம ஆயர்களின் வரலாற்றில் நாள், மாதத்தோடு உறுதியாகத் தெரியும் முதல் தேதி அது. அவர் விலகவில்லை என்றால் ரோமச் சபை தலைவர் இல்லாமலே காத்திருந்திருக்கும்.

இருவரும் இறந்தபின் உடல்களை ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் லேசான வேலை அல்ல: தீவுக்கு அனுப்பப்பட்டவன் அங்கேயே செத்தாலும் தண்டனை தீராது, பேரரசர் அனுமதி இல்லாமல் வேறிடத்தில் புதைக்கக் கூடாது என்பது சட்டம். போந்தியானுஸின் கல்லறைப் பலகை 1909இல் கண்டெடுக்கப்பட்டது, கலிஸ்துஸின் பெயர் தாங்கிய நிலத்தடிக் கல்லறையில்.

கேள்வி: சைப்பிரஸ் பேராயர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவது ஏன்?

பதில்: அந்தியோகியாச் சபையின் பிடியிலிருந்து தப்பியதன் அடையாளம். சைப்பிரஸுக்கு ஆயரை அமர்த்தும் உரிமை தனக்கு உண்டு என்று அந்தியோகியா வாதாடியது. 431இல் எபேசு சங்கம் தீவாரின் பக்கம் தீர்த்தது. ஆனாலும் வழக்கு ஓயவில்லை. அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்தெமியோஸ் பேராயர், கனவில் கண்டபடி தோண்டியதில் பர்னபாவின் கல்லறை கிடைத்தது என்றும் மார்பின்மேல் மத்தேயு நற்செய்திப் பிரதி இருந்தது என்றும் அறிவித்தார். பிரதி சீனோ பேரரசரிடம் போயிற்று. சபை தனித்து நிற்கும் உரிமை உறுதியாயிற்று. சிவப்பு மை, செங்கோல், ஊதா அங்கி ஆகியவை அவர் கொடுத்த சிறப்புகள் என்பது மரபு. அப்போஸ்தலர் நிறுவிய சபை என்று அந்தியோகியா மார்தட்டிய வேளையில் ஓர் அப்போஸ்தலரின் எலும்பு கிடைத்தது எவ்வளவு வசதி என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அயர்லாந்தின் ஸ்கெல்லிக் பாறைத்தீவில் துறவிகள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

பதில்: மழைதான். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, 218 மீட்டர் உயரத்துக்கு எழும் இரட்டைக் கொடுமுடிப் பாறை அது. ஆறோ கிணறோ கிடையாது. பாறைச் சரிவில் வழியும் மழைநீரைத் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டார்கள்.

கட்டுமானம்தான் பார்க்கத்தக்கது. சாந்து இல்லாமல் தட்டைக் கற்களை வளையம் வளையமாக அடுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் கீழ் வளையத்தைவிடச் சற்று உள்ளே தள்ளி, உச்சியில் ஒரு கல்லால் மூடுவது. கல்லை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் மழை அறைக்குள் வடியும். வெளியே தேன்கூடு போல வட்டம், உள்ளே சதுரம். ஆறு அறைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் அடியில் தாங்குசுவர் எழுப்பி மேடை அமைத்துச் சிறு தோட்டமும் போட்டார்கள். மீனும் கடற்பறவை முட்டையும் மீதி உணவு. மூன்று இறங்குதுறைகளிலிருந்து மூன்று படிக்கட்டுகள் செதுக்கியது ஆடம்பரம் அல்ல. காற்று ஒரு பக்கம் அலையை மோதவிட்டால் மறுபக்கத்தில் இறங்கலாம்.

பாறை எல்லாவற்றிலிருந்தும் காக்கவில்லை. 824இல் வைக்கிங்குகள் எட்கால் என்ற துறவியைப் பிடித்துச் சென்றதாகவும் அவர் பசியாலும் தாகத்தாலும் இறந்ததாகவும் அயர்லாந்து ஆண்டேடு குறிக்கிறது.

இந்தத் தீவு மோகம் மத்தியதரைக் கடலில் தொடங்கியது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொனராத்துஸ் என்ற துறவி பிரான்சின் தென்கரையை ஒட்டிய லெரன் தீவில் மடம் அமைத்தார். 417 வாக்கில் ரோமிலிருந்து கப்பலில் போன ருதிலியுஸ் என்ற கவிஞர் காப்ராரியா தீவைத் தாண்டும்போது, வெளிச்சத்துக்கு அஞ்சி ஓடும் மனிதர்களால் தீவு அழுக்காகிக் கிடக்கிறது என்று திட்டித் தீர்த்தார். பழைய மதத்துக்காரரின் கோபம் அது.

கேள்வி: அயோனா, லிண்டிஸ்பார்ன் தீவுத் துறவிகள் ஈஸ்டரை வேறு நாளில் கொண்டாடினார்களாமே?

பதில்: ஆமாம். அயோனா ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் லிண்டிஸ்பார்ன் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலும் உள்ள தீவுகள். அவர்கள் வைத்திருந்தது 84 ஆண்டுச் சுழற்சி அட்டவணை. ரோம் அதற்குள் 19 ஆண்டுச் சுழற்சிக்கு மாறியிருந்தது. 84 ஜூலியன் ஆண்டு என்றால் 30,681 நாள். அதில் அடங்க வேண்டிய 1,039 சந்திர மாதங்களுக்கு 30,682.28 நாள் தேவை. ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நாள் பிசகு. 19 ஆண்டுச் சுழற்சியில் பிசகு ஒன்றரை மணிநேரம்தான். நிலவு எத்தனையாம் நாளில் இருக்கும்போது ஞாயிறு வந்தால் ஈஸ்டர் என்பதிலும் வேறுபாடு: தீவாருக்கு 14 முதல் 20, ரோமுக்கு 15 முதல் 21. விளைவு, இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்த நார்த்தம்பிரியா நாட்டின் அரண்மனையில் அரசர் ஓஸ்வியு விருந்துண்ணும்போது கென்ட் நாட்டு வழக்கத்தில் வளர்ந்த அரசி இன்னும் தவக்கால நோன்பில் இருந்தாள். 664இல் விட்பி சங்கம் ரோமுக்குச் சாதகமாகத் தீர்த்தது. அயோனா இறங்கி வர 716 ஆயிற்று.

கேள்வி: இந்தியப் பெருங்கடல் தீவுகளில் போர்ச்சுகீசியருக்கு முன்பே சபை இருந்ததா?

பதில்: இருந்தது. சுமார் 550இல் எழுதிய கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், இலங்கையில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும், பாரசீகத்தில் நியமித்து அனுப்பிய ஒரு குருவும், ஒரு டீக்கனும் இருந்ததைச் சொல்கிறார். அரசரும் மண்ணின் மக்களும் வேறு சமயத்தார் என்றும் தெளிவாக எழுதுகிறார். ஆகவே அது வணிகர்களின் சபை. உலகம் பெட்டி வடிவம் என்று வாதாடிய மனிதர்தான், ஆனால் சரக்கும் துறைமுகமும் என்று வந்தால் நம்பத்தக்கவர். 1912இல் அநுராதபுர அகழ்வில் கிடைத்த கற்சிலுவையை முதலில் போர்ச்சுகீசியருடையது என்றே எண்ணினார்கள். படிப்படியான பீடம், அடியிலிருந்து இருபுறமும் சுருண்டு எழும் இலைகள் என்ற அமைப்பு கீழைச் சிரியச் சபைக்குரியது. பரங்கிமலைப் பாரசீகச் சிலுவையைப் பார்த்தவர்களுக்கு அந்த இலைகள் உடனே பிடிபடும்.

ஏமனுக்குத் தெற்கே கடலில் இருக்கும் சொகோத்ராவின் கதை இன்னும் நீளம். அங்குள்ள கிறிஸ்தவர்கள் கிரேக்கம் பேசுகிறார்கள், குருக்கள் பாரசீகத்திலிருந்து வருகிறார்கள் என்று அதே கொஸ்மாஸ் எழுதினார். பாரசீக வளைகுடாவில் கார்க், சர் பனி யாஸ் போன்ற தீவுகளில் அகழ்ந்தெடுத்த மடங்கள் அந்தச் சபையின் கடல்வழி எது என்பதைக் காட்டுகின்றன. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் சொகோத்ராவில் இறங்கியபோது சிலுவையும் கோயிலும் நோன்பும் இருந்தன. குருக்களுக்கோ தாங்கள் ஓதும் மொழியே புரியவில்லை. ஆயர் வந்து கைவைத்தால்தான் அடுத்த குரு உண்டாவார். கப்பல் நின்றால் ஆயர் இல்லை, ஆயர் இல்லையேல் திருப்பட்டம் இல்லை. மனப்பாடம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். 17ஆம் நூற்றாண்டோடு அதுவும் நின்றுபோயிற்று.